ஆடத் தெரியாதவன்

"மூணு வருஷ உழைப்பை 'அநியாயம்'னு ஒரே வார்த்தையில எழுதிக் குடுத்திருக்கியே, எழுதின கை கூசலையாடா உனக்கு?"

அத்தான் அறிக்கையை மேசைமீது ஓங்கி அறைந்தார். பக்கத்தில் இருந்த தேநீர்க் குவளை அதிர்ந்து, விளிம்புவரை நகர்ந்து நின்றது.

பூட்டுக் கடையின் மாடியில் ஒரே அறை. அதில் மூன்று மேசைகள். கைப்பேசி விளையாட்டை வடிவமைப்பவர் அத்தான். அதற்கு நிரல் எழுதுபவள் அவர் மனைவி. அவளுடைய தம்பிக்கோ, நாள் முழுவதும் அதை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் வேலை. அவர்களுடைய முதல் விளையாட்டு அன்று மாலை ஐந்து மணிக்கு விற்பனைக்குப் போயாகவேண்டும். மணி நான்கைத் தாண்டியிருந்தது.

"ஒரு வார்த்தை இல்ல அத்தான். அதுக்குக் கீழ நாலு பக்கம் இருக்கு. நீங்க படிக்கல."

"படிச்சேன். தொங்கு பாலத்துல முன்னூத்திப் பதினோரு தடவை செத்தேன்னு பெருமையா எழுதியிருக்க. அதுக்கு என்ன, மெடல் வேணுமா?"

"எந்தப் பலகை உடையும்னு தெரியாம எப்படிக் கால் வைக்கிறது? பின்னால ஓநாய் துரத்துது. செத்தா மறுபடி மலையடிவாரத்துலேருந்து ஏறணும். முழுசா இருபது நிமிஷம்! தோத்தா அது என் தப்புன்னு எனக்குத் தோணணும் அத்தான். அப்பத்தான் 'இரு, உன்னை விட்டேனா பார்'னு இன்னொரு தடவை ஆடுவேன். உங்க தப்புன்னு தோணிச்சுன்னா ஃபோனைத் தூக்கித்தான் எறிவேன்."

"குறிப்பு வெச்சிருக்கேனே! உடையிற பலகை மட்டும் ஒரு சாயல் கறுப்பு. கண்ணைத் திறந்து பார்த்தாத் தெரியும்."

"மூடுபனியில கறுப்பு எது, பழுப்பு எது? விடை தெரிஞ்சவர் நீங்க, உங்க கண்ணுக்குப் பளிச்சுன்னுதான் தெரியும்."

அத்தானின் முகம் சிவந்தது. இழுப்பறையைத் திறந்து, கிளிப்பில் கோத்திருந்த தாள்களை உருவினார்.

"பன்னெண்டு வீடு! ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய், என் கையாலயே அவங்க ஃபோன்ல ஏத்திக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அவங்க எழுதிக் குடுத்த தாள் இது. காதைத் தீட்டிக் கேளு. 'பாலம் மிக அழகு.' 'ஓநாய் கூடவே ஓடி வருவது என் மகளுக்குப் பிடித்திருந்தது.' அந்தப் பொண்ணுக்கு ஏழு வயசுடா! ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருத்தர், கையில நடுக்கம், அவர் ஒரே மூச்சுல முடிச்சிருக்கார். ஒருத்தர்கூடப் பாலத்தைக் குறை சொல்லல. உனக்கு மட்டும் அது எமனாயிடுச்சா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

தம்பியின் காது மடல்கள் சுட்டன.

"அந்த ஏழு வயசுக் குழந்தையை இங்க கூட்டிட்டு வாங்க. என் கண் முன்னால பாலத்தைத் தாண்டட்டும், நான் மீசையை எடுத்துடறேன்."

"உன் மீசை யாருக்கு வேணும்? வேலையை எடுத்துடறேன்! மச்சானாச்சேன்னு இத்தனை நாள் பொறுத்தது என் தப்பு. ஆட்டம் முடிஞ்சதும் வர்ற பேர் வரிசையில உன் பேர் இருக்காது. நாளைலேருந்து இந்தப் படியை மிதிக்காதே."

"மிதிக்கல. ஆனா இந்தப் பாலத்தை இப்படியே வித்தீங்கன்னா, வாங்கினவன் ஒவ்வொருத்தனும் உங்களைக் கிழிகிழின்னு கிழிப்பான். அப்ப என்னைக் கூப்பிடாதீங்க." அவன் அக்காளின் பக்கம் திரும்பினான். "நீ என்ன, வாயைப் பூட்டிக்கிட்டியா? கீழ கடையில சாவி இருக்கு, வாங்கிட்டு வரட்டுமா?"

அவள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும் எல்லாத் தாளையும் படிச்சேன்டா. பன்னெண்டு வீடு ஒண்ணு சொல்லுது, நீ ஒருத்தன் ஒண்ணு சொல்ற. தம்பிங்கிறதுக்காக நான் எப்படிப் பாலத்தை மாத்துறது?"

அத்தானின் ஏச்சு முழுவதையும் சேர்த்தாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகவில்லை. அவன் மின்னேற்றியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பையில் திணித்தான்; செவிப்பேசியின் கம்பியைச் சுற்றாமலே அதன்மேல் போட்டான்.

"பன்னெண்டு வீட்டுக்கும் போன அதே வெர்ஷன் விற்பனைக்குப் போகட்டும்" என்றார் அத்தான். "என் கம்ப்யூட்டர்லேருந்து எடு. இவன் கை பட்டது எதுவும் வேண்டாம்."

அக்காள் எழுந்து கணவரின் மேசைக்குப் போனாள். கோப்பைத் திறந்தாள். சுட்டியை உருட்டிக்கொண்டிருந்த விரல் சட்டென்று நின்றது. மேலே போய், முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள்.

"தம்பிக்கு நான் ஏத்திக் குடுக்கிறது என் கம்ப்யூட்டர்லேருந்து. அந்தப் பன்னெண்டு வீட்டுக்கும் போனது?"

"இதுலேருந்துதான். ஏன், அதுல என்ன குத்தம்?"

கதவுவரை போய்விட்ட தம்பியை நோக்கி, "போகாதே, நில்லுடா!" என்று கத்தினாள். பிறகு சுழல் நாற்காலியைத் திருப்பிக் கணவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஆட்டத்தைக் கட்டுறப்போ, நீங்க சாகாம மலையைச் சுத்திப் பார்க்கிறதுக்காக ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுத்தேன், சாகாவரம்னு. அது போட்டிருந்தா ஓநாய் கடிக்காது, பலகை உடையாது. அதை நீங்க இன்னிக்கு வரைக்கும் அணைக்கவே இல்ல. நம்ம ஆட்டத்தை இந்த உலகத்துலேயே ஆடிப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான்!"