தச்சரின் சம்மதம்

"நாப்பத்திமூணு வயசுல குழந்தையா? ஊரே சிரிக்கும்டி," என்றார் தச்சர், இழைப்புளியை நிறுத்தாமல்.

"சிரிக்கட்டும்," என்றாள் தையல்கடை வைத்திருந்த மனைவி. ஒரு வாரமாக மன்றாடுகிறாள். இனியும் தள்ளிப்போட முடியாது.

"பள்ளிக்கூடத்துல என்னைத் தாத்தாம்பாங்க."

"முடிக்கு டை அடிச்சுக்கோங்க."

"எந்த முடிக்கு?" வழுக்கையைத் தடவியவர், சட்டென்று இறங்கிவந்தார். "சரி, பெத்துக்கலாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படின்னா... ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். பளபளவென்று ஒரு தொட்டில்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உன் சுடிதாரையே மூணு தடவை இடுப்புல பிரிச்சுப் பெருசாக்குனியே. தச்சனுக்குக் கண்ணளவு தப்புமா?"

"அப்புறம் எதுக்கு ஒரு வாரமா என்னைக் கெஞ்ச விட்டீங்க?"

"பாலிஷ் காய வேணாமா?"