ஐஸ் தண்ணீரில் கை

ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டதுமே ஜாய்சன் வகுப்பறை அதிரும்படி கத்தினான்: "ஏலே, செத்தேம்ல!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நடுக்கடலில் ராத்திரி தனியாக வலை இழுத்தேன் என்று பீற்றிக்கொள்கிறவன் அவன்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஜெயபிரியா மேடமும் சிரித்துக்கொண்டே, கம்ப்யூட்டரில் அவனுடைய நாடித்துடிப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன அழுத்தம் எங்கள் வயதுப் பிள்ளைகளின் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு கை ஐஸ் தண்ணீரில். இன்னொரு கை விரலில் கிளிப். தாங்க முடியாவிட்டால் எடுத்துவிடலாம். துடிப்பு தாறுமாறாகப் போகிறவர்களிடம் மட்டும் கவுன்சிலர் தனியாகப் பேசுவார்.

பள்ளிக்கூடத்தில் ஃபிரிட்ஜ் இல்லை. அதனால் பி.டி. மாஸ்டர் செல்வதுரை சார் காலையிலேயே பைக்கில் துறைமுகத்துக்குப் போய் ஒரு மீன் பெட்டி நிறையப் பொடி ஐஸ் வாங்கி வந்து, அதிலேயே தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டார். எத்தனை தடவை கழுவினாலும் போகாத கவிச்சி. எங்களுக்கு அது ஒரு வாடையே இல்லை. மேடம்தான் அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது பெனிஷா.

அந்தக் கவுன்சிலருக்காகத்தான் அவள் பெயரே கொடுத்திருந்தாள். அவளுடைய அப்பா மரியான், ஆழ்கடலுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போட்டிலேயே இறந்துபோனார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, அழுகையும் வரவில்லை. அடக்கத்தன்று ஊரே அழுதது. இவள் கல் மாதிரி நின்றாள். நெஞ்சழுத்தக்காரி என்று சொந்தச் சித்தியே அவள் காதுபடச் சொன்னாள். நல்ல சித்தி!

என்னிடமே அவள் அன்று காலையில்தான் வாயைத் திறந்தாள்: "ஏளா, மெஷினே கண்டுபுடிச்சிருச்சுன்னா நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்லா?"

கண்டுபிடித்துவிட வேண்டும் மாதாவே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பெனிஷா கையை விட்டாள். கத்தவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை.

நான் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். எல்லாருக்கும் மேடு மேடாக ஏறிய கோடு, அவளுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் கவுன்சிலர் அவளைக் கூப்பிடவே மாட்டார்.

மேடத்துக்கோ ஒரே சந்தோஷம். "ரொம்ப தைரியமான பொண்ணும்மா நீ. உனக்கு ஸ்ட்ரெஸ்ஸே இல்ல. போதும், எடுத்துக்கோ."

பெனிஷா எடுக்கவில்லை.

மேடம் திரும்பவும் சொன்னார். செல்வதுரை சார் ஒரு அதட்டுப் போட்டார். அவள் கை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது, முழங்கை வரை. சட்டைக் கை நனைந்தது. ஜாய்சன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இருங்க மேடம். கரைக்கு வார வரைக்கும் எங்க அப்பா இப்பிடித்தான் ஐஸுக்குள்ள கெடந்தாவ. எப்பிடி இருந்திருக்கும்னு பாக்கேன்."

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

ஜாய்சனின் சிரிப்பு நின்றது. செல்வதுரை சார் தான் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு பக்கத்திலிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிடித்த மீன் கெடாமல் வருவதற்கு ஏற்றிப் போகிற ஐஸில்தான் மரியான் மாமாவையும் ரெண்டு நாள் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த ஒருவருக்கும் அன்று காலையில் அது தோன்றவில்லை.

மேடம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டி அருகில் மண்டியிட்டார். தன் கையை உள்ளே விட்டு, பெனிஷாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எடுக்கச் சொல்லவில்லை. குளிரில் அவருக்குப் பல் கிட்டியது.

கம்ப்யூட்டர் மட்டும், பெனிஷாவுக்கு ஒன்றுமில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது.