பதினோரு பலகை

இப்பல்லாம் ஒருத்தனை வேலைக்கு வராதே என்று வாய் திறந்து சொல்லக்கூட எவனுக்கும் துப்பில்லை என்று சன்னாசிக் கிழவருக்கு எரிச்சல். மிளகாய்க் கிட்டங்கிச் சுவரில் குறைந்தபட்சச் சம்பளச் சட்ட நோட்டீசை ஒட்டிய மறுநாள், காம்பு கிள்ள உட்காரும் இருபது பலகையில் ஒன்றைக் காணோம். யாரையும் யாரும் நிறுத்தவில்லை. கடைசியாக வந்தவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் இன்னொன்று குறைந்தது. அப்புறம் எல்லாரும் விடியுமுன்னே ஓடிவந்து பலகையைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் ஒண்ணுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள்.

பதினோரு பலகை மிஞ்சிய அன்று விசாரிக்க லேபர் ஆபீசர் வந்தார். பதினோரு பேரும் முழுச் சம்பளம் வருகிறது என்றார்கள். அது நிசம்தான்.

"பெரியவரே, நீங்க ஏன் நிக்கிறீங்க?"

"எம் பலகையைக் காணோம் சார்."

"சம்பளம் கம்மியா குடுத்தா சொல்லுங்க, கேஸ் போட்டுடலாம்."

"பலகை கம்மியானா?"

ஆபீசர் தாளைப் புரட்டினார்.

"யோவ் மாமா, வேணும்னா எம் மடியில உக்காரு," என்றாள் இருளாயி. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் தன் பலகை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சட்டத்தை நம்புங்க, எல்லாம் சரியாயிடும்," என்றார் ஆபீசர்.

"ஆகும், ஆகும்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி நடந்தார் சன்னாசி.