வெளி மதிப்பீட்டாளரின் கையெழுத்து

புது இயக்குநர் மேடத்தின் மேசைமேல் விரிந்து கிடந்த மூன்று கோப்புகளும் வரலாற்றுத் துறையுடையவை என்பதைக் கதவைத் திறந்ததுமே பார்த்துவிட்டாள்.



பல்கலைக்கழகத்தின் கற்றல் மதிப்பீட்டுப் பிரிவில் உதவியாளராக அவளுக்குப் பதினோரு வருட வேலை. வருடா வருடம் ஒவ்வொரு துறையிலிருந்தும் இருபது மாணவர்களின் கட்டுரைகளை எடுத்து, பெயரை மறைத்து, வெளியூர்ப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் உருப்படியாக ஏதாவது கற்றிருக்கிறார்களா என்று அவர் படித்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

வரலாற்றுக்கு மதிப்பெண் போட்டவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். பெரிய கறார்ப் பேர்வழி. மூன்று வருடத்துக்கு முன்பு அவரிடமிருந்து கட்டுரைக் கட்டு திரும்பி வரவில்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

"எப்படியாவது முடிச்சிடும்மா," என்றார் பழைய இயக்குநர்.

எப்படியாவது என்றால் எப்படி என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நகல்களை வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒரு வரி விடாமல் படித்தாள், அது மட்டும் சத்தியம். மதிப்பெண் போட்டாள். கடைசியில் அவர் கையெழுத்தையும் போட்டாள்.

அடுத்த இரண்டு வருடமும் கட்டை அவருக்கு அனுப்பவே இல்லை; எல்லாவற்றையும் அவளே போட்டாள்.

பழையவர் போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்று, கையை வீசிக்கொண்டு போய்விட்டார். மடியில் கனம் இவளுக்குத்தான்.

"இவர்கிட்ட நீங்க பேசறதுண்டா?" மேடம் பேராசிரியரின் கையெழுத்தைத் தொட்டுக்காட்டி, தலை நிமிராமல் கேட்டார்.

பொய் தானாகவே வந்து விழுந்தது. "போன மாசம்கூடப் பேசினார், மேடம்."

"எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். கண்ணுதான் கொஞ்சம் மங்கலா இருக்காம்."

மேடம் ஒரு கட்டுரையின் ஓரத்தில் அவள் எழுதிவைத்த குறிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். 'நன்றாக யோசித்திருக்கிறாய். பயப்படாமல் எழுது.'

"இப்படியெல்லாம் எழுதுவாரா இவர்?" என்றார், தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல.



மேடம் கோப்புகளை மூடினார். இந்த வருடக் கட்டை எடுத்து நீட்டினார்.

"இதையும் அவருக்கே அனுப்பிடுங்க."

தப்பித்தோம் என்று இருந்தது. கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

பக்கத்துச் சுவரில் தச்சர் புதுப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். சும்மாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

நியமன உத்தரவில் மேடத்தின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்துதான் இருந்தது. பலகையில் அது முழுப் பெயராக இருந்தது. மூன்று வருடமாக அவள் கைபடப் போட்டுவந்த பெயர்.

"அப்பா பேரை முழுசாப் போட்டாகணும்னு சொல்லிட்டாங்க," என்றார் தச்சர், திருகாணியை முடுக்கியபடி. "அவர் தவறி மூணு வருஷமாச்சாம்."

கட்டைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, அதைச் சுமந்துகொண்டு நடக்கவும் கால் வரவில்லை.

கடைசியில் திரும்பி, தட்டாமலே கதவைத் தள்ளினாள்.

மேடம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.