காணாமல் போன உப்பு

“மறைக்காம சொல்லுங்க. பாதித் தண்ணியை எங்கே திருப்பி விடறீங்க?”

ஆய்வாளர் கேட்ட கேள்வியில் மாட்டுப்பண்ணைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

தொழுவம் கழுவிய தண்ணீரை நாணல் வளர்ந்த ஒரு படுகைக்குள் ஓடவிட்டு, சுத்தமான பிறகே ஓடையில் சேர்க்கிறார். அப்படியும் ஓடை நாறுகிறதென்று புகார் எழுதிப் போட்டது வேறு யாருமில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சொந்தத் தம்பி. அன்றோடு பேச்சு நின்றது. இத்தனை மாட்டுக் கழிவை அந்தப் படுகை தாங்காதென்று அறிக்கை போனால், பாதி மாடுகளை விற்றாக வேண்டும்.

தாங்காது என்றுதான் ஆய்வாளரின் கணினிக் கணக்கும் அடித்துச் சொன்னது. ஆனால் வெளியே வந்த தண்ணீரோ பளிங்கு. கணக்குதான் தப்போ என்று மண்டையைக் குடைந்துகொண்டவள், போன வாரம் படுகையின் முகப்பில் உப்பைக் கரைத்து விட்டாள். உள்ளே போன உப்பு வெளியே வந்தாக வேண்டும். நாணல் அதைத் தின்னாது. காத்திருந்து அளந்ததில் பாதிதான் வந்திருந்தது. அப்படியென்றால் பாதித் தண்ணீர் வேறெங்கோ போகிறது.

“என் மாடுங்க மேல சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்.”

வேலிக்கு மேல் தம்பியின் தலை தெரிந்தது. “தண்ணி சுத்தமா இருக்குல்ல? நல்லாயிருக்குன்னு எழுதிட்டுக் கிளம்பாம, சும்மா எதுக்கு நோண்டறீங்க?”

புகார் கொடுத்தவரா இப்படிப் பேசுவது? அண்ணனும் தம்பியும் கூட்டுக் களவாணிகளோ?

ஆளுயர நாணலை விலக்கிக்கொண்டு இறங்கினாள். கரையோரம், சேற்றுக்குள் ஒரு குழாய். அது நேராக வேலிக்கு அடியில் நுழைந்தது.

“அங்கே போகாதீங்க” என்றார் தம்பி. குரலில் சுரத்தே இல்லை.

பண்ணைக்காரரையும் கூட்டிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனாள். தம்பி வீட்டுக்குப் பின்னால், புதிதாக வெட்டிய இன்னொரு படுகை. அதே நாணல், இளசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் தெளிந்த தண்ணீர் ஓடைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் குனிந்து ஓர் இளநாணலைத் தொட்டுப் பார்த்தார். “எப்படா இதெல்லாம்?”

தம்பி தரையைப் பார்த்தார்.

“கோவத்துல எழுதிப் போட்டுட்டேன். நீ மாட்டை விக்கிற நிலைமை வரும்னு நினைக்கலே. உன்கிட்ட வந்து சொல்ல வாய் வரல. அதான் மண்வெட்டியை எடுத்தேன்ணே.”