கேட்டால் கொடுப்பவன்

மில்டுரா ஊரின் டிராக் கார் பந்தயத் திடலில், இறந்துபோன மெர்வுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு அவன் நண்பன் கிளென் மைக்கைப் பிடித்தான்.

"கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாது அந்தப் பயலுக்கு! என் கார் எஞ்சினைக் கழட்டணும்னேன். காரைத் தூக்கி நிறுத்துற நாலு இரும்பு ஸ்டாண்டையும் அன்னிக்கே கொண்டுவந்து இறக்கிட்டான். கடைசி வரைக்கும் திருப்பிக் கேக்கலை!"

கூட்டம் கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியவன், மெர்வின் மனைவி நோலீனின் கையைப் பற்றினான்.

"அவ்வளவு கவனமானவன் மேல எப்படி நோலீன் கார் விழுந்துச்சு?"

"ஸ்டாண்டைத் திருப்பி வாங்கிட்டு வாங்கன்னேன். 'பாவம், கிளென் வேலை கெட்டுடும்'னு சொல்லிட்டு, செங்கல்லை அடுக்கி அதுமேல வண்டியை நிறுத்தி, அடியில படுத்தாரு."

கிளெனின் எஞ்சின் வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஸ்டாண்டுகளின் மேல் அவன் மனைவி பூந்தொட்டி வைத்திருந்தாள்.