புகையே இல்லாத வீடு

சிகரெட் பிடிக்கிறவர்கள் வீட்டுக் காற்றில் என்னென்ன விஷம் மிதக்கிறது என்று அளப்பதுதான் விஞ்ஞானியின் வேலை. “ஜன்னலத் திறந்து வச்சாப் போதும்னு நினைக்காதீங்க” என்று போகிற வீட்டிலெல்லாம் உபதேசம் வேறு. கருவியே வேண்டாம், வாசலில் நின்றே மோப்பம் பிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார்.

ஒப்பிட்டுப் பார்க்கப் புகையே இல்லாத வீடு ஒன்று வேண்டுமே? “எங்க வீடு இருக்கே!” என்று மார்தட்டி, ஒரு வாரம் தன் ஹாலிலேயே கருவியை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை உதவியாளர் போன் செய்தார்.

“சார், உங்க வீட்டுக் காத்துலயும் நிக்கோடின் இருக்கு! எந்த நேரத்துலன்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன்.”

விஞ்ஞானிக்கு வியர்த்துக் கொட்டியது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மனைவிக்குப் புகை வாடையே ஆகாது. அவரோ ஏழு வருஷமாகத் தெருமுனையில் திருட்டு தம் அடித்து, புதினா மிட்டாயை மென்றபடி வீட்டுக்குள் நுழைகிறவர். சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ?

கருவி காட்டிக்கொடுப்பதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“ஊருக்கே புத்தி சொல்றீங்களே, வெக்கமா இல்ல?” மனைவி பிடிபிடி என்று பிடித்தாள். “ஏழு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க!”

மறுபடி போன்.

“சார், ஆபீஸ் நாள்ல எல்லாம் காலைல பதினோரு மணிக்குத்தான் ஏறுது. அப்ப நீங்க எங்ககூட ஆபீஸ்ல இருப்பீங்களே!”

“பதினோரு மணிக்கா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார் விஞ்ஞானி.

மனைவியின் வசவு சட்டென்று நின்றது.

“ஏங்க… ஜன்னலத் திறந்துதானே வச்சேன்? அப்பவுமா காட்டுது?”